ஒன்பது வோல்ட்

கப்ரோவோவில் பனி இன்னும் கூரையை விட்டு இறங்கவில்லை.
திவாலான நூற்பாலையின் பட்டறை ஏலத்தில்
இரும்பு விலைக்கு எடுத்த லேத்:
நாலு டன், பச்சைப் பெயிண்ட்,
என்னைவிட இரண்டு வயது மூத்தது.
அதன் பழைய கண்ட்ரோலை, அலமாரி நிறைய அட்டைகளை,
பென்யோவின் காயலான் கடைக்கு வண்டியேற்றினோம்.
புதுக் கணினி ஒரு செருப்பு டப்பாவுக்குள் அடங்கியது.
ஸ்பிண்டில் மோட்டாரையும் அதன் டிரைவையும்
மாற்றவில்லை.
காசில்லை. வேறு தத்துவம் எதுவும் இல்லை.

ஆயிரம் சுற்று கேட்டால்
ஆயிரத்து அறுநூறு ஓடுகிறது.
சக்கின் மூன்று தாடைகளும் சாம்பல் வட்டமாகக் கரைய,
டப்.
சிவப்பு விளக்கு.
பிறகு கோபம் தணியாத ஆள் மாதிரி
சுற்றிச் சுற்றி, சுற்றி, நிற்கிறது.

இதில் வேடிக்கை,
குமிழைக் கையால் மெல்லத் திருப்பினால்
பூனைக்குட்டி போல வருகிறது.
புரோகிராம் சொன்னால்தான் பாய்ச்சல்.
நெதெல்ச்சோ தீர்ப்பே எழுதிவிட்டான்:
"உன் கணினிதான், ருமியானா."
உன்.
போன வாரம் வரை அது நம் கணினி.

கேபிளின் உறையை ஒரு முனையில் எர்த் செய்தோம்.
மறுமுனையில் செய்தோம்.
ப்ளோவ்டிவிலிருந்து நூற்றெண்பது லெவாவுக்கு
ஒரு பழைய தைரிஸ்டர் அட்டை வந்தது,
மாட்டினோம், அதுவும் அப்படியே பாய்ந்தது.
டிரைவ் பெட்டிக் கதவின் உட்புறம்
யாரோ பென்சிலில் எழுதியிருந்தான்:
"பி-ஏழைத் தொடாதே."
அதற்குக் கீழே, அதே கையெழுத்தில், சிறியதாக:
"நான் தொட்டேன்."

இருபத்து மூன்றாம் நாள் இரவு
கணினியின் இரண்டு கம்பிகளையும் கழற்றி
நாடா சுற்றி ஒதுக்கினேன்.
ஏணி போட்டு, புகை அலாரத்தின் வயிற்றைத் திறந்து
ஒன்பது வோல்ட் பேட்டரியை உருவினேன்.
இரண்டு ரெசிஸ்டரில் அதைப் பாதியாக்கி
டிரைவின் வாயில் நேரே வைத்தேன்.
தொள்ளாயிரம் வரவேண்டும்.
பாய்ந்தது.
டப். சிவப்பு.
பேட்டரிக்குப் புரோகிராம் எழுதத் தெரியாது.
நெதெல்ச்சோ ஒன்றும் சொல்லவில்லை.
காபி போட்டான்.
முதல் கோப்பையை என் பக்கம் நகர்த்தினான்.

சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச்
சண்டைக்காரன் காலில் விழலாம், சரி.
மூன்று வாரமாகச் சண்டைக்காரன் காலில்தான் கிடந்தோம்.
சாட்சியை ஒருவரும் கூப்பிடவில்லை.

மோட்டாரின் முதுகில், தகர மூடிக்குள்,
பால் டின் அளவில் டேக்கோ.
என்ன வேகம் என்று டிரைவுக்குச் சொல்வது
அதன் ஒரே உத்தியோகம்.
டிரைவுக்குக் கண் கிடையாது;
சொன்னதை நம்பும்.
மூடியைக் கழற்றி
மோட்டார் தண்டுக்கும் டேக்கோவின் கப்ளிங்குக்கும் குறுக்கே
என் நகப்பூச்சால் ஒரே கோடு இழுத்தேன், செர்ரி நிறம்.
காய்வதற்குள் இரண்டாவது காபியும் ஆறிவிட்டது.
மறுபடி பேட்டரி. மறுபடி பாய்ச்சல்.
கையில் டார்ச்சோடு குனிந்து பார்த்தால்
கோடு இரண்டாகக் கிடந்தது,
ஒன்று மேலே பார்த்து,
ஒன்று சுவரைப் பார்த்து.

மெல்ல இழுத்தால் கூடவே வந்திருக்கிறது.
வெடுக்கென்று இழுக்கும்போது தண்டு வழுக்க,
பின்தங்கிய டேக்கோ "போதாது" என்றிருக்கிறது.
டிரைவ் இன்னும் ஊட்டியிருக்கிறது.
போதாது.
இன்னும்.
யாரும் பொய் சொல்லவில்லை, யோசித்தால்.
டேக்கோ தான் சுற்றியதைத்தான் சொன்னது.

இரண்டு மில்லிமீட்டர் ஆலன் சாவி.
முக்கால் சுற்று.

கணினியை மீண்டும் கட்டி ஆயிரம் கேட்டேன்.
ஆயிரத்து இரண்டு.
நெதெல்ச்சோ கைக்கருவியைத் தட்டிப் பார்த்துவிட்டு
மறுபடி அளந்தான். ஆயிரத்து இரண்டு.
ஆயிரத்து நானூறுக்கு மேல் ஒரு உறுமல் இருக்கிறது.
அது பேரிங். அந்த வழக்கு வேறு.
திங்களுக்குள் நாற்பது வெண்கல புஷ் தரவேண்டும்,
ஆயிரத்து முன்னூறிலேயே கடைந்துகொள்ளலாம்.

கதவை மூடுமுன் பென்சிலைத் தேடினேன்.
பி-ஏழைத் தொட்டவனுக்குப் பதில் எழுதத்தான்.
என்ன எழுதுவதென்று தெரியாமல்
தேதியை மட்டும் போட்டேன்.

வீட்டில் கோட்டைக் கழற்றும்போது
பையில் ஏதோ கனத்தது.
பட்டறைக் கூரையில் அலாரம்
வயிறு திறந்தபடி தொங்கிக்கொண்டிருக்கும் இப்போது.