நான்கு கதவுகளிலும்

கோபாலபுரம் சாவடி தாண்டியதும்
நீலத் திரையில் எழுத்து வந்தது:
இணைக்கப்பட்டது.
சத்தம் மட்டும் வரவில்லை.

பின்சீட்டில் ஆறு மூட்டை கோழித் தீவனம்.
டிக்கியில் நான்கு.
கார் நெம்மாறாக்காரர் ஒருவர் ஓட்டி விற்றது.
அவர் வீட்டுப் போன்கள் இன்னும் திரையைவிட்டு இறங்கவில்லை:
பிஜுமோன், பிந்து பழையது, பிந்து புதியது,
கடைசியில் ஒண்டிக்கொண்டு நான்.

முதலில் ஸ்பீக்கரைச் சந்தேகப்பட்டேன்.
ரேடியோவைத் திருகினால்
கோயம்புத்தூர் நகைக்கடை தமிழில் கூப்பிட்டது.
ஒரு வளைவு, இரண்டு பனை,
பாலக்காட்டு நகைக்கடை மலையாளத்தில் கூப்பிட்டது.
ஸ்பீக்கர் சாகவில்லை.

வண்ணாமடைக் கள்ளுக்கடை ஓரம் நிறுத்தி
அணைத்தேன், போட்டேன்.
என்னை மறந்துவிடு என்று காரிடம் சொன்னேன்,
மறந்தது.
நாலு எண்ணை ஒப்பிட்டுப் பார்த்து
மறுபடி சேர்த்துக்கொண்டது.
காரின் குமிழை முப்பத்தொன்று வரை ஏற்றினேன்.
கணவாய்க் காற்று கண்ணாடியில் மணலை வீசியது.
அதுதான் கேட்டது.

எருத்தேன்பதி ஆரோக்கியசாமிக்கு அடித்துப் பார்த்தேன்.
காரே அதிரும்படி அவர் கத்தினார்:
'தீவனம் எங்கம்மா? குஞ்செல்லாம் என்னையே பாக்குது!'
ஆக, கூப்பிட்டால் பேசுகிறது.
அனுப்பிவைத்த குரலுக்குத்தான் வாய் திறக்க மாட்டேன் என்கிறது.

கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில்
சீட் கவர் கடை நிஷாத்
ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தான்.
'பாட்டு ஏதாச்சும் போடுங்க சேச்சி.'
பாட்டு இல்லை, இதுதான் என்று நீட்டினேன்.
ஜெசிந்தா. காலை ஆறு நாற்பது.
நாலு நிமிஷம் பதினேழு வினாடி.

'இதக் கேக்கத்தானா?
போன காதுல வெச்சாலே கேக்குமே.'

கண்ணாடியில் காய்ந்திருந்த பூச்சியை
நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

இருபத்திரண்டு சென்ட்.
பதினாலு தென்னை.
கிணற்றில் பாதி.
தென்னையை எண்ணிப் பிரித்துவிட்டோம், ஏழு ஏழு.
கிணற்றைப் பிரிக்கத் தெரியாமல் கிழமையைப் பிரித்தோம்:
செவ்வாயும் வெள்ளியும் எனக்கு.
போன கார்த்திகையிலிருந்து பேச்சில்லை.
என் பக்கம் மோட்டார் போடுகிற சுப்ரன்
மூன்று வாரமாக வருவதில்லை.
போய்ப் பார்க்க வேண்டும், வேண்டும் என்று
பொள்ளாச்சியிலேயே இருந்தேன்.

'வண்டில கம்ப்ளெயின்ட் இல்ல சேச்சி' என்றான்.
'போன்ல ஒரு அளவு, கார்ல ஒரு அளவு.
ஒண்ணு சைபர்னா இன்னொண்ணு எவ்வளவு ஏத்தியும் புண்ணியமில்ல.
உங்க போன்ல இந்தக் காருக்கு மட்டும் சைபர்.
மத்த எல்லாத்துக்கும் சரியாத்தான் இருக்கு.
அது தனித்தனியா ஞாபகம் வெச்சுக்கும்.
யாராவது அமுக்கிருப்பாங்க.'

யாராவது.
தவக்காலத்தில், மூலத்தறைப் பாலத்தில்,
கார் தானாக வாய் திறந்து 'அக்கா' என்றது.
போனின் விலாவில் விரலை வைத்து
அந்த ஒரு சொல் முடிவதற்குள்
அடிவரை அழுத்தினேன்.
அப்புறம் எட்டு மாதம் ஓட்டினேன்,
டயர் சத்தம் கேட்டுக்கொண்டு.

நிஷாத் கட்டைவிரலால் மேலே தள்ளினான்.
காசு வேண்டாம் என்றான்,
நீட்டியதும் ஐம்பதை வாங்கிக்கொண்டான்.

குமிழ் முப்பத்தொன்றில் இருந்தது நினைவில்லை.
நான்கு கதவுகளிலும் வெடித்துக் கிளம்பியது மோட்டார்.
சித்தூர் பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.
கோழி ஒன்றை யாரோ விரட்டினார்கள்.
தண்ணீர் வாய்க்காலில் விழுகிற சத்தம்,
மண் உறிஞ்சுகிற சத்தம்.

இன்று செவ்வாய்க்கிழமை.

பிறகு ஒரு தொண்டை செருமல்.
நிஷாத் கதவை மெல்லச் சாத்திவிட்டு
தள்ளிப் போய் நின்றான்,
ஏற்கெனவே துடைத்த சீட் கவரை
இன்னொரு தரம் துடைத்துக்கொண்டு.