மார்பில் அடித்துக்கொள்ளும்போது

ஞாயிறு. பாவ்ராவில் முழங்கால்வரை பனி.
கருங்கல் கோயிலின் கடைசித் தூணருகே நின்றேன்,
பூட்ஸிலிருந்து உருகிய நீர்
தரையில் சிறு குட்டையாகும்வரை.

டீக்கன் வாசித்தார்:
ஜெபிக்கப் போன இரண்டு பேர் கதை.
எங்கள் அர்மீனிய மொழியில்
வேதத்து ஆயக்காரனும் எல்லைச் சுங்கமும்
ஒரே வேரில் முளைத்த சொற்கள்.
வாசிக்கும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.
மற்றவர்கள் பார்த்தார்கள்.

தலை குனிந்தேன்.
முன்வரிசையில் மேலதிகாரி வார்த்கெஸ்
ஏழு மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார்,
ஒவ்வொன்றையும் நாங்கள் எண்ணும்படி.
நல்லவேளை, நான் அவரைப் போலில்லை
என்று நினைத்து முடிப்பதற்குள்
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
இந்தக் கதைக்குள் எந்தப் பக்கமாக நுழைந்தாலும்
பரிசேயன் எனக்கு முன்பே வந்து
இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறான்.

சரி, மார்பிலாவது அடித்துக்கொள்வோம் என்று
கையை ஓங்கினேன்.
உள்பையில் சரசரத்தன
உருளைக்கிழங்கு லாரிக்காரன் ஓத்தார்
வெள்ளியன்று மடித்துத் தந்த இரண்டு நோட்டுகள்.
இன்னொரு முறை அடித்தேன். மெதுவாக.
அப்போதும் சரசரத்தன.
ஜெபம் அவ்வளவுதான்.

திங்கள் காலை
தடுப்புக் கம்பத்தருகே அவன் லாரி.
சன்னல் வழியே நீட்டினேன் இரண்டையும்.
பேச்சு வரவில்லை.
ஓத்தார் என் முகத்தைப் பார்த்தான்,
பெருமூச்சு விட்டான்,
போதவில்லையாக்கும் என்று
மூன்றாவது நோட்டை அவற்றின்மேல் வைத்து
என் விரல்களை மூடினான்.

பின்னால் ஹாரன் அலறுகிறது.
ஆண்டவரே, நேற்று பாதியில் விட்டதை
இங்கிருந்து தொடரலாமா?
குளிரில் கை விறைக்கிறது.
இன்னும் திறக்கவில்லை.