நான்காம் பாத்தி

ஊத்துக்கோட்டை தாண்டி
சத்தியவேடு சாலையில் மூன்றாவது வளைவு.
கேட்டில் இன்னும் தொங்குகிறது
பூச்சிமருந்துக் கம்பெனியின் கத்தரிக்காய்ப் படம்,
புழு இல்லாத, பளபளக்கும் கத்தரிக்காய்.
உள்ளே
புல் முளைக்காமல் பதினோரு வருஷம்.

திருப்பதியிலிருந்து வந்த சுவர்ச்சலா மேடம்
கயிறு கட்டிப் பன்னிரண்டு பாத்தி பிரித்தார்.
நானும் முனெம்மாவும்
வைக்கோலை டிரம்மில் வேகவைத்தோம்.
கல்யாண வீட்டு அண்டாபோல் ஆவி.
சோள மணிகளில் வெள்ளையாய்ப் படர்ந்த வித்தை
உதிர்த்து உதிர்த்துத் தூவினோம்.
"பூசணத்தைக் காசு குடுத்து வாங்குறாங்க பாரு"
என்று முனெம்மா சிரித்தாள்.
அவள் வீட்டில் பூசணம் பிடித்தால்
ஊறுகாய் ஜாடியோடு தெருவுக்குப் போகும்.

மண்ணைத் தின்றாலும் மறைவாய்த் தின் என்பார்கள்.
இது அப்படித்தான் தின்கிறது,
வைக்கோலுக்கு அடியில், சத்தமில்லாமல்,
தையல் நூலைவிட மெலிசான வாயால்.
மரத்தின் வைரத்தையே கரைக்கிற எச்சில்
மருந்தின் முடிச்சையும் அவிழ்க்குமாம்.
மேடம் சொன்னதில்
அவ்வளவுதான் எனக்குப் புரிந்தது.

ஆடியில் ஒரு மழை.
முன்பெல்லாம் மழை பெய்தால்
இந்த இடம் நெற்றிப்பொட்டில் வலிக்கும்.
இந்தமுறை காளான் வாசம்.
ஏழாம் பாத்தியில் குடை விரிந்திருந்தது,
சாம்பல் நிறத்தில், காதுமடல் மாதிரி, கொத்துக் கொத்தாய்.
பறித்துக் குழம்பு வைக்கலாம்போல் இருந்தது.
மேடம் கையுறை போட்டுப் பறித்தார்,
உறையிலிட்டு எண் எழுதினார்.

பரிசோதனைக் காகிதம் மாதம் ஒருமுறை வரும்.
நானூற்றுப் பன்னிரண்டு. முந்நூறு. நூற்றெண்பது.
எல்லாப் பாத்தியும் இறங்கியது.
நான்கு மட்டும் ஏறியது.

அங்கே வைக்கோல் கறுத்துப்போனது.
வித்து கெட்டிருக்குமோ என்றார், மாற்றினார்.
ஈரம் போதவில்லையோ என்றார்.
ஆரணியாற்று ஊற்றிலிருந்து
நான்தான் குடம் குடமாய்க் கொண்டுவந்தேன்.
ஊற்றும்போதெல்லாம் எனக்குத் தெரியும்
எதன் தலையில் ஊற்றுகிறேன் என்று.

ஒன்பது டிரம்.
கம்பெனி மூடிய வாரம், கரண்ட் இல்லாத இரவு.
ஜேசிபி டிரைவருக்கு ஆயிரம்,
எனக்கு அறுநூறும் ஒரு குவார்ட்டரும்.
இரண்டு டிரம் இறக்கும்போதே ஒழுகியது.
சட்டையைக் கொளுத்திவிட்டு வீட்டுக்குப் போனேன்.
அந்தக் காசில்
மகளுக்கு ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்கினேன்,
மிச்சம் எதில் போனது என்று ஞாபகமில்லை.

நான்காம் முறையும் கறுத்த அன்று
மேடம் பாத்தியோரம் குந்தி உட்கார்ந்து
நோட்டில் ஏதோ அடித்து அடித்து எழுதினார்.
"நா தப்பே" என்றார்.
யாரிடமும் இல்லை, வைக்கோலிடம்.

என் வாயில் தெலுங்குதான் முதலில் வந்தது:
"கிந்த டிரம்முலு உன்னாயி."

"எவரு பாத்திபெட்டாரு?"
புதைத்தது யார் என்று அர்த்தம்.
என் காதில் பாத்தி என்றே விழுந்தது.

புதைச்சிருக்காங்க என்று சொல்லியிருக்கலாம்.
எல்லைக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ
எவனோ ஒருவன், எந்தக் கம்பெனியோ.
புதைத்தேன் என்றேன்.
சொன்ன பிறகுதான் கேட்டது
அதன் வாலில் ஒரு ஏன் ஒட்டியிருப்பது.

அவர் திட்டவில்லை.
"எந்த லோத்து" என்றார்.
தலைக்கு மேல் கையை உயர்த்திக் காட்டினேன்.
மாசுக்கட்டுப்பாட்டு ஆபீசுக்குப் போகும் பேப்பரில்
பேர் எழுதச் சொன்னார்.
செங்கல்வராயன் என்று எழுதுகையில்
நகக்கண்ணில் வெள்ளையாய் ஓர் இழை.
வைக்கோலாகவும் இருக்கலாம்.

முனெம்மா ஐந்தாம் பாத்திக்குத் தெளிக்க வந்தாள்.
என் முகத்தைப் பார்க்கவில்லை.
குடத்தை மட்டும் கேட்டாள்.