கொருக்குப்பேட்டை கேட்

ஏழு ஐம்பதுக்குக் கேட் விழும்.
விழுந்தால் விழுந்ததுதான்.
மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வண்டி வரும்,
இல்லையென்றால் ஒற்றை எஞ்சின்
முன்னே பின்னே போய் யோசித்துக்கொண்டிருக்கும்.

"தினம் அரை மணி நடங்கம்மா" என்றாள் நர்ஸ்.
எந்த அரை மணி என்று சொல்லவில்லை.
தண்ணி லாரிக்கு ஒன்று போகிறது,
மூன்று டிபன் டப்பாவுக்கு இரண்டு.
அப்புறம் எம்.சி. ரோட்டில் பில் போட
பத்து மணி நேரம்
ஒரே நாற்காலி.

அதனால் கேட் விழுந்ததும்
வண்டிக்கு ஸ்டாண்டு போடுகிறேன்.
கெசியா வேகன் எண்ணுகிறாள்.
ஒரு வேகனுக்கு ஒரு தடவை
குதிகால் தூக்கி இறக்க வேண்டும்.
முதல் நாள் பதினொன்றிலேயே கெண்டை பிடித்துக்கொண்டது.
"இன்னாம்மா எட்டிப் பாக்குற,
வால் இன்னும் தண்டையார்பேட்டைல கீது"
என்றார் மீன்பாடி வண்டிக்காரர்.
நேற்று நாற்பத்தேழு.
அவரும் பெடலை விட்டு இறங்கி
இடுப்பை இப்படி அப்படித் திருப்பிக்கொண்டிருந்தார்,
யாரையும் பார்க்காமல்.

மோசஸுக்குச் சர்க்கரை இருநூற்றுப் பன்னிரண்டு.
எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் வரிசை,
ராத்திரி முழுக்க ஸ்டியரிங், டீ, பஜ்ஜி.
அவித்த கடலை கட்டிக் கொடுத்தேன்.
"நான் என்ன கிளியா?"
டப்பா காலியாகத்தான் திரும்புகிறது.
தின்றது அவரா கிளீனர் பையனா,
கேட்கவில்லை.

இன்று மழைத் தூறல்.
கேட் விழுந்தது, இறங்கி நின்றோம்.
வந்தது வெறும் எஞ்சின்.
"ஒண்ணு" என்றாள் கெசியா.
கேட் ஏறிவிட்டது,
பின்னால் ஊரே ஹாரன் அடிக்கிறது.
மீதியைக் கடன் சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.