இடது மூலையில் எரிவது

கிளைபேடா துறைமுகத்தில்
நாற்பது மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு.
பதினோரு வருடமாக என் இருக்கை அதற்குள்.
கால்களுக்கு நடுவே கண்ணாடித் தரை,
அதற்கும் கீழே கப்பல் இறக்கும் பெட்டிகள்,
பெட்டிகளின் முதுகில் துரு.

உப்புக்காற்று ஒவ்வொன்றிலும்
ஒவ்வொரு விதமாய்க் கை வைத்திருக்கும்.
சங்கிலி உரசிய தடத்தில் கொடி ஓடும்,
பெயிண்ட் உரிந்த இடத்தில் தீவு எழும்.
பெட்டி ஆடி அடங்கும் அந்தப் பத்து நொடியில்
கைபேசியில் ஒரு படம் எடுப்பேன்.
விதிப்படி குற்றம்.

நாலாயிரத்து இருநூற்றுப் பதினாறு படம் சேர்ந்ததும்
கணினி விளையாட்டை விட்டுவிட்ட ஒரு பையனிடம்
பழைய கிராஃபிக்ஸ் கார்டு வாங்கினேன்.
"எதுக்கு?" என்றாள் ஜிவிலே.
"துரு பழக்க."
அதற்குமேல் அவள் கேட்கவில்லை.
மின்கட்டண ரசீதை மட்டும்
ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள்,
என் கண்ணுக்கு நேராக.

எடை தூக்கிப் பிழைப்பவன் நான்.
இந்த நரம்பு வலைக்குள்ளும் எடைகள்தானாம்,
கோடிக்கணக்கில்,
ஒவ்வொன்றும் தூசியைவிட லேசு.
இரைச்சலிலிருந்து தொடங்கும் என்று படித்தேன்.
அது மட்டும் உடனே புரிந்தது.
மேலே காற்று அடிக்கும் நாளில்
எல்லாமே அங்கிருந்துதான் தொடங்கும்.

முதல் இரவு சாம்பல் நிறத்தில் கஞ்சி.
மூன்றாம் இரவு கஞ்சியில் கொஞ்சம் பழுப்பு.
ஆறாம் இரவு, கார்டு விடும் சூட்டில்
ஜிவிலே ஈரக் காலுறைகளைக் காயப்போட்டாள்;
சமாதானம் என்று எடுத்துக்கொண்டேன்.
ஒன்பதாம் இரவு எல்லாப் படமும் ஒரே படம்,
ஒரே கறை நூறு தடவை,
கேள்வி எதுவானாலும்
மனப்பாடம் செய்ததையே ஒப்பிக்கும் பிள்ளைபோல.
கற்கும் வேகத்தைக் குறைத்துவிட்டுப் படுத்தேன்.

பிறகொரு ஞாயிறு, காபி கொதிப்பதற்குள்,
வந்திருந்தது.
எந்தப் பெட்டியிலும் நான் பார்த்திராத துரு.
எந்தக் கடலும் தொடாத,
இரும்பே இல்லாத இடத்தில்.
துரு மாதிரி. துருவின் மாதிரி.
இரண்டில் எதுவென்று சொல்லத் தெரியாமல்
நின்றபடியே பார்த்தேன்.
காபி பொங்கி அடுப்பு அணைந்தது.

ஜிவிலேதான் கேட்டாள்:
"எல்லாத்திலயும் கீழே இடது பக்கம்
என்னவோ எரியுதே, அது என்ன?"

செம்மஞ்சளாய் ஒரு தீற்றல்,
கட்டைவிரல் நகத்தளவு.
நாற்பது படம் செய்தால் நாற்பதிலும்.
வலையில் பழுது என்றேன்.
அடுக்கு அடுக்காய்க் குடைந்தேன், மறுபடி பழக்கினேன்,
திட்டினேன். லித்துவேனிய மொழியில் வசவு போதாமல்
ரஷ்யத்தில் கடன் வாங்கினேன்.

திங்கள் இரவுப் பணி.
காற்று நொடிக்கு இருபது மீட்டரைத் தாண்டியதும்
நிறுத்து என்றான் வைடோடஸ், வாக்கிடாக்கியில்.
சும்மா உட்கார்ந்திருந்தேன்.
சும்மா உட்கார்ந்ததால்தான் கண்ணில் பட்டது.
கணுக்காலருகே என் மின்கணப்பு.
முழங்கால் வலிக்காக ஜூனிலும் போட்டுவைப்பது.
அதன் சிவந்த கம்பி
கண்ணாடியில் விழுந்து
வெளியே இருட்டில்
கடலுக்கு மேலே தொங்குகிறது.

பதினோரு வருடம் அதன் ஊடாகத்தான்
ஒவ்வொரு பெட்டியையும் பார்த்திருக்கிறேன்.
அதைப் பார்த்ததில்லை.

மறுவாரம் கணப்பை அணைத்துவிட்டு
அறுநூறு படம் எடுத்தேன். விரல் விறைத்தது.
தனியாகப் பழக்கினேன்.
சுத்தமான துரு வந்தது, யாருடையதும் அல்லாத துரு.
அழகுதான்,
கடையில் சுருட்டி நிறுத்திய தரைவிரிப்புபோல.
அழித்துவிட்டேன்.

பழையதில் ஒன்றை அச்சிட்டு எடுத்துவந்தேன்.
வீட்டில் இருப்பது ஒரே காந்தம்.
ஜிவிலே படத்தை வைத்து
அதன்மேல் ரசீதை வைத்து அழுத்தினாள்.
துரு முழுக்க மறைந்துபோயிற்று.
கீழே இடது மூலை மட்டும்
ரசீதுக்கு வெளியே
கணகணவென்று நீட்டிக்கொண்டிருக்கிறது.

வெள்ளிக்கிழமைக்குள் கட்ட வேண்டும்.