ஒன்றரை வேகம்

விடுதிப் பொது அறை டிவியின் ரிமோட்
போன ஆடியில் காணாமல் போனது.
அன்றிலிருந்து ஒரே சேனல்.
பகலில் மூட்டுவலித் தைலம்,
இரவில் செக்கானூரணிப் பக்கம் வீட்டுமனை.
கோட்டு போட்டவர் கை விரித்துக் காட்டும் பொட்டலுக்குப் பின்னால்
நான் பாசி எடுக்கப் போகும் கண்மாயின் மடை தெரிகிறது.
"தண்ணீர் வசதி உண்டு" என்கிறார்.
உண்டுதான்.

யாரும் பார்ப்பதில்லை. யாரும் அணைப்பதுமில்லை.
அதன் முன்னால் கயிறு கட்டித்
துணி காயப்போடுகிறோம்.

கிரிக்கெட் என்றால் அவரவர் போன்.
எங்கள் மாடியில் ஒரே பந்து
மூன்று முறை வீசப்படும்.
முதலில் கடைசி அறை அலறும், அவர்கள் நெட் வேறு.
அடுத்து ரஹ்மத்நிஷா.
அரை நிமிடம் கழித்து எங்கள் அறையில்
எப்போதோ அவுட்டாகிவிட்டவன்
கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு
நம்பிக்கையோடு நிற்பான்.
ஒச்சம்மாள் அவனிடம் சொல்வாள்:
"போயிருய்யா, ஒனக்குத்தான் சேதி வரல."

எனக்கும் வரவில்லை.
உதவித்தொகை ஏழு மாதமாக
ஒரு மஞ்சள் வட்டத்துக்குள் சுற்றுகிறது.
துறை வாசலில் முகம் பார்க்கும் கருவி வைத்திருக்கிறார்கள்.
கண்மாயில் இறங்கி வந்த நாட்களில்
அதற்கு என்னைத் தெரியாது.
"மீண்டும் முயற்சிக்கவும்" என்பாள் உள்ளே இருப்பவள்,
மதுரைப் பக்கமே வந்திராத குரலில்.
மூன்றாம் அத்தியாயத்தை அனுப்பியதற்கு
நெறியாளர் ஒரு கட்டைவிரல் போட்டார்.
படித்துவிட்டாரா,
பார்த்துவிட்டாரா,
பஸ்ஸில் இருக்கிறாரா என்று
இரண்டு ராத்திரி பேசினோம்.

பாட்காஸ்ட் தொடங்கியது அப்போதுதான்.
பதில் வராத இடத்தில் பேசிப் பழகியிருந்தேனே.
இரும்பு அலமாரிக்குள் தலையை விட்டு
மேலே போர்வையை இழுத்துக்கொண்டு
பாசிகளைப் பற்றி வாரம் இருபது நிமிடம்.
மின்விசிறி நிற்கும்.
வாசலில் ஒச்சம்மாள் காவல், கையில் விசிறியாக என் ஆய்வேடு.
அப்படியும் போடி ரயில் உள்ளே வந்துவிடும்.
நாகமலையிலிருந்து மயில் வந்துவிடும்.
எனக்கு வெட்டத் தெரியாது. விட்டுவிடுவேன்.

கேட்பவர்கள் ஏழு பேர்.
அதில் மூவர் நானே:
என் போன், ஒச்சம்மாள் போன், ஆய்வகக் கணினி.
ஒருவர் அம்மா. என்னை ஓடவிட்டு,
சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டு,
சீரியல் பார்க்கிறாள்.

மீதிப் பேரில் ஒருவர் எழுதினார்.
பெயர் இருளாண்டி, கப்பலூர் டோல்கேட்டில் இரவு வேலை.
"மேடம், பாசி நமக்குப் புரியாது.
பதினாலாவது நிமிசத்துல அழுதது
மயிலா, பச்சப்புள்ளையா?
இங்க பந்தயம் கட்டியிருக்கோம்."
மயில் என்றேன்.
"போச்சு, எரநூறு" என்றார்.
கொஞ்சம் கழித்து,
"அடுத்த லாரிக்குள்ள முடிக்கணும்ல,
ஒன்றரை ஸ்பீடுலதான் கேப்பேன்.
தப்பா நெனைக்காதீங்க."

தப்பாக நினைக்கவில்லை.
அன்றிரவு மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டி ஓரம்,
தேனி ரோட்டில் விளக்குகள் போவதைப் பார்த்தபடி,
அவர் கேட்கும் வேகத்தில் என்னைக் கேட்டேன்.
யாரோ ஒருத்தி பேசுகிறாள்.
'அதாவது'க்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே
நான் விழுந்து கிடக்கும் பள்ளத்தை
எட்டு வைத்துத் தாண்டிப் போகிறாள்.
வண்டல் துளியை முதன்முதலில்
நுண்ணோக்கியில் பார்த்த நாளைச் சொல்கிறாள்,
ஒரே மூச்சில்,
பச்சை, இழை, அசைவு என்று,
வாய்மொழித் தேர்வில் அவளை
யாரும் நிறுத்தியதே இல்லை போல.
ரயில்கூடச் சீக்கிரம் போய்விடுகிறது.
மயில் மட்டும்
அந்த வேகத்தில்
பிள்ளை மாதிரிதான் அழுகிறது.
இரண்டு தரம் வைத்துக் கேட்டேன். பிள்ளைதான்.

கீழே வந்தபோது
கோட்டுக்காரர் இன்னும் கையை விரித்தபடி இருந்தார்.
அவர் முகத்துக்கு முன்னால் தொங்கிய
என் துப்பட்டா காயவில்லை.

இருளாண்டிக்கு எழுதவேண்டும்:
அண்ணே, எரநூறில் நூறையாவது
திருப்பிக் கேளுங்கள்.