ஐந்து பேர்

சாட்ஸ்வர்த்தில் வியாழக்கிழமை.
கல்யாணத்துக்குப் பிரியாணி வேகும் அண்டாவில்
இன்று பீன்ஸ் கறி.
கரண்ட் இல்லை, விறகும் ஈரம்.
மூடியால் விசிறி விசிறிக்
கோகிலத்துக்குக் கண் சிவந்துவிட்டது.
ரெங்கன் கடை முட்டைக்கோசில்
அழுகல் போக முக்கால்வாசி தேறியது.
வெட்டுப்பலகை நொம்வுலா வீட்டுடையது.
கத்தி யாருடையதென்று இன்றுவரை தெரியாது.

நான் நோட்டுக்காரன்.
பெயர், வீட்டு எண், எத்தனை பேர்.
எண்ணெய் தருகிற கம்பெனிக்கு
மாதக் கடைசியில் கணக்குப் போகவேண்டும்.

லுங்கெலோ வந்தான்,
கையில் ஐஸ்கிரீம் டப்பா.
வீட்டில் எத்தனை பேர்?
"ஐந்து."

மூன்றுதான்.
போன மழையில் அவர்கள் தகரக் கூரைமேல்
தார்ப்பாய் கட்டப் போனவன் நான்.
அம்மா, இவன்,
சுவரைப் பிடித்து நடக்கும் தங்கை.
கவிழ்த்து வைத்த தட்டும் மூன்று.

மற்ற இரண்டு பேர் யாரடா என்றேன்,
கொஞ்சம் சத்தமாகவே.
டப்பாவின் மூடியைத் திறந்து மூடியபடி சொன்னான்:
"வெள்ளி. சனி."

கோகிலம் என்னைப் பார்க்கவில்லை.
கரண்டியை அடிவரை விட்டாள்,
பீன்ஸ் கனமாய்க் கிடக்கும் இடம் அவளுக்குத் தெரியும்.
ஒன்று, இரண்டு, மூன்று,
பிறகு நான்கு, பிறகு ஐந்து.
"எழுதேன், பேனா காய்கிறது."

எழுதினேன்.
முப்பது வருஷம் சர்க்கரை ஆலையில்
ஒரு மூட்டை பிசகாமல் எழுதிய கை.

ஞாயிறைப் பற்றி அவனும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
வரிசை இன்னும் பஸ் நிறுத்தம்வரை நிற்கிறது.